பையன் "வேண்டாம்" என்று சொன்னபோது: வட போர்ச்சுகலில் ஷூ தைத்த ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

போர்ச்சுகலின் வடக்கே, சூசா ஆற்றுப் பள்ளத்தாக்கில், காலணித் தொழிலை நம்பி வாழும் ஒரு சிற்றூரில் 2001 முதல் 2006 வரை நடந்தது இது. பள்ளியை விட்டு ஷூ வேலைக்குப் போன ஒரு பையன், பிரிந்துபோன அவனுடைய பெற்றோர், அந்த வீட்டுக்குள் தலையிட வேண்டியிருந்த அதிகாரிகள். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே தரவில்லை. குழந்தைத் தொழிலாளர் மீட்பில் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்க ஒரு காரணம் உண்டு. இதில் சம்பந்தப்பட்ட அலுவலர்கள் எல்லோரும் சட்டப்படி சரியாகவே நடந்துகொண்டார்கள். அப்படியும் முதல் சில மாதங்களில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் நிலைமை மோசமாகத்தான் ஆனது.

பின்னணி: தொழிலும் சட்டமும்

இந்தப் பகுதியில் ஷூ வேலை தொழிற்சாலைச் சுவருக்குள் முடிவதில்லை. ஃபெல்கெய்ராஸ், கிமராயிஸ் போன்ற ஊர்களின் தொழிற்சாலைகளில் தோலை வெட்டுவார்கள், அடிப்பாகத்தை ஒட்டுவார்கள், பெட்டியில் போட்டு ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கு அனுப்புவார்கள். நடுவில் இருக்கும் ஒரு வேலை மட்டும் வீடுகளுக்குப் போகும்: மொக்காசின் வகை ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பது. மெழுகு நூலை இரண்டு ஊசியில் கோத்து, இரு பக்கமும் இழுத்து இறுக்க வேண்டும். ஓர் இடைத்தரகர் வேனில் மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டு, சில நாள் கழித்து வந்து எடுத்துப்போவார். கூலி ஜோடிக் கணக்கு. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை போர்ச்சுகல் அப்போது நல்ல நிலையில்தான் இருந்தது. 1986இல் ஒன்பது ஆண்டுக் கல்வியைக் கட்டாயமாக்கினார்கள். 1997 முதல் வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயது 16. அதே ஆண்டு அரசியலமைப்பைத் திருத்தியபோது, பள்ளி வயதுப் பிள்ளைகள் வேலை செய்வதற்கான தடையை அதிலேயே எழுதிவைத்தார்கள். 1998இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் குறைந்தபட்ச வயது உடன்படிக்கையை ஏற்றார்கள். குழந்தை உழைப்புச் சுரண்டலை ஒழிப்பதற்கென்று தனித் தேசியத் திட்டம் ஒன்றும் அதே ஆண்டில் தொடங்கியது.

இவ்வளவும் இருக்கும்போதே, ஐரோப்பிய நாடுகளின் சமூக உரிமை ஒப்பந்தமான ஐரோப்பிய சமூக சாசனத்தின் கீழ், அமைப்புகள் ஓர் அரசின் மீது புகார் தரும் கூட்டுப் புகார் முறை 1998இல் நடைமுறைக்கு வந்ததும், அதில் பதிவான முதல் புகாரே போர்ச்சுகல் மீதுதான், அதுவும் குழந்தைத் தொழிலாளர் பற்றித்தான். சட்ட வல்லுநர்களின் பன்னாட்டு ஆணையம் தொடுத்தது. "எங்களிடம் சட்டம் இருக்கிறது, எண்ணிக்கையும் குறைந்துவருகிறது" என்பது அரசின் பதிலாக இருந்தது. சாசனத்தைக் கண்காணிக்கும் ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு 1999 செப்டம்பரில் அதை ஏற்கவில்லை. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, நடைமுறையிலும் கிடைக்க வேண்டும் என்று சொல்லி, சாசனம் மீறப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்தது. 1998, 2001 ஆண்டுகளில் நாடு தழுவிய கணக்கெடுப்புகளும் நடந்தன. வேலை செய்த பிள்ளைகள் பல பத்தாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்காமல் சொந்தக் குடும்பத்துக்கே உழைத்தவர்கள். தொழில் ஆய்வாளர் தட்டிப் பார்க்கும் கதவு தொழிற்சாலையுடையது, பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடமோ சமையலறை. நம் நிகழ்வும் அந்தச் சமையலறையில்தான் தொடங்குகிறது.

குடும்பம்

அப்பா கொத்தனார். அந்தப் பகுதி ஆண்கள் பலரைப் போல அவரும் 2000இல் ஸ்பெயினுக்குக் கட்டட வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை இரவு வேனில் கிளம்பி வெள்ளிக்கிழமை இரவு திரும்புவார். அம்மா வீட்டில் ஷூ தைத்தார். பையனுக்கு 13 வயது, தங்கைக்கு 9. வங்கிக் கடனில் கட்டத் தொடங்கிய வீடு, மேல்தளம் பூசாமல் பாதியில் நின்றது. வீட்டில் சண்டை எல்லாம் அந்தக் கடன் தவணையைப் பற்றித்தான்.

2001 வசந்தத்தில் அப்பா வாரம் ஒருமுறை வந்தது இரு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆனது. கோடை முடிந்ததும் வருவதே நின்றது. அப்புறம் பணமும் நின்றது. அம்மா அக்கம்பக்கத்தில் "அங்கே வேலை அதிகம்" என்றார். பிள்ளைகளிடமும் அதையே சொன்னார். அப்பாவும் தொலைபேசியில் "கோடையில் வருகிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிரிவது என்று பெரியவர்கள் இருவரும் முடிவெடுத்துப் பல மாதம் ஆன பிறகும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. இந்த நிகழ்வில் எல்லாமே இந்த ஒரு மௌனத்தைச் சுற்றித்தான் நகர்ந்தது என்பது என் கருத்து.

கவனித்தது

2001 அக்டோபரில் வகுப்பாசிரியை முதலில் கவனித்தார். பையன் இரண்டு முறை தவறி, 13 வயதிலும் ஆறாம் வகுப்பில் இருந்தான். போர்ச்சுகல் பள்ளிகளில் வகுப்பு ஏறாமல் நிறுத்திவைப்பது அப்போது சாதாரணம் என்பதால் அது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. அவன் பாடவேளையில் தூங்கினான். ஆள்காட்டி விரல் மடிப்புகளில் நூல் அறுத்த கோடுகள் இருந்தன. சில நாள் சட்டையில் பசை வாடை அடித்தது.

அந்த ஆசிரியை செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. அவன் வராத நாள்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தார். பெரும்பாலும் செவ்வாயும் வெள்ளியும். நோய் இப்படிக் கிழமை பார்த்து வராது. அந்தத் தெருவில் வேன் மூட்டை எடுக்க வரும் நாள்கள் அவையே என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னதும் விஷயம் புரிந்துவிட்டது. முதல் நாள் இரவு முழுக்கத் தைத்துவிட்டு, காலையில் மீதியை முடித்துக் கொடுத்தார்கள்.

பள்ளி வீட்டுக்குக் கடிதம் அனுப்பியது. பதில் இல்லை. மறுபடி அனுப்பியது. உள்ளூர்க் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்குத் தகவல் போனது 2002 ஜனவரியில்தான். அதற்குள் பையன் வீட்டில் தைப்பதோடு நிற்காமல், பக்கத்தில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் நடந்த சின்னப் பட்டறைக்கும் மாலையில் போய்ப் பசை தடவத் தொடங்கியிருந்தான்.

முதல் முடிவு: பட்டறையில் ஆய்வு

பட்டறை பற்றித் தொழில் ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஏற்கெனவே ஒரு புகார் போயிருந்தது. பிப்ரவரியில் ஆய்வாளர்கள் வந்தார்கள். பையன் பசை டப்பாவோடு உட்கார்ந்திருந்தான். முதலாளிக்கு அபராதம், பையன் வீட்டுக்கு. இந்த முடிவில் குறை சொல்ல முடியாது. காலணிப் பசையின் கரைப்பான்களில், குறிப்பாக ஹெக்ஸேன் உள்ளவற்றில், காற்றோட்டம் இல்லாத அறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்தால் கை கால் நரம்புகள் பாதிக்கும். மருத்துவர் பரிசோதித்தபோது தலைவலியைத் தவிர நிலையான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. அந்த இடத்திலிருந்து அவனை உடனே எடுத்ததுதான் சரி.

ஆனால் ஆய்வாளர் அலுவலகம் பாதுகாப்புக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. குழுவும் அந்த அலுவலகத்திடம் கேட்கவில்லை. பட்டறைக்காரரும் இடைத்தரகரும் நெருங்கியவர்கள். "இவர்கள் வீட்டால்தான் வம்பு" என்று அம்மாவுக்கு மூட்டை இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மாதம் வருமானம் இல்லை. கடன் தவணை தவறியது. பிறகு மூட்டை மறுபடி வந்தபோது ஜோடிக்குக் கொடுத்த கூலி முன்பைவிடக் குறைவு. பழைய வருமானம் வர வேண்டுமென்றால் இன்னும் அதிக ஜோடி தைக்க வேண்டும். அப்போதுதான் ஒன்பது வயதுத் தங்கையும் நூலுக்கு மெழுகு போடவும் முடிச்சுப் போடவும் உட்கார்ந்தாள்.

ஆய்வுக்கு முன்னால் அந்த வீட்டில் வேலை செய்த பிள்ளை ஒன்று. ஆய்வுக்குப் பின் இரண்டு. ஆய்வாளர் அலுவலகத்தின் கோப்பில் இந்த வழக்கு வெற்றியாகவே பதிவானது. வீட்டுக்குள் ஆய்வாளர் நுழைய நீதிபதியின் உத்தரவு வேண்டும். போர்ச்சுகல் அரசியலமைப்பு வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது, தரவும் வேண்டும்.

இரண்டாவது முடிவு: நீதிமன்றமா, காத்திருப்பதா?

1999ஆம் ஆண்டின் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் 2001 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி பாதுகாப்புக் குழு ஒரு குடும்பத்தில் தலையிட வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் தேவை. பிள்ளைக்கு 12 வயது நிறைந்திருந்தால் அந்தப் பிள்ளையும் எதிர்க்காமல் இருக்க வேண்டும். எதிர்த்தால் விஷயம் அரசு வழக்குரைஞர் வழியாக நீதிமன்றத்துக்குப் போகும்.

2002 ஏப்ரலில் கூட்டம். அம்மா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார். அப்பாவின் சம்மதம் பிறகு அஞ்சலில் வந்தது. பையன் "வேண்டாம்" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

குழுவில் இரண்டு கருத்து. ஒரு தரப்பு: இது இனி நீதிமன்ற விஷயம், ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது, தங்கையும் வேலையில் இருக்கிறாள். மறு தரப்பு: நீதிமன்றம் போனால் அம்மா இதைத் தண்டனையாகப் பார்ப்பார், வீடு இன்னும் மூடிக்கொள்ளும், பையன் ஏன் வேண்டாம் என்கிறான் என்று நமக்கே தெரியாதபோது நீதிபதியிடம் என்ன சொல்வோம்?

கடைசியில் பிடித்த வழி இது: தங்கையின் விஷயத்தில் காத்திருப்பதில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயது ஆகவில்லை, அம்மா சம்மதித்துவிட்டார், ஆகவே பள்ளி முடிந்ததும் ஊர்ச் சமூக மையத்தில் மாலை வரை இருக்க இடம் ஏற்பாடு செய்தார்கள். பையன் விஷயத்தில் ஒரு குறுகிய கெடு. அதற்குள் சமூகப் பணியாளர் ஒருவர் அவனோடு பேச வேண்டும். கெடு தாண்டினால் நீதிமன்றம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் இதையே ஆதரித்திருப்பேன். காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதாகிவிடும் என்ற பயம் நியாயமானது. கெடு வைத்ததால்தான் அது நடக்கவில்லை.

பையன் சொன்னது

சமூகப் பணியாளர் அவனை அலுவலகத்துக்குக் கூப்பிடவில்லை. மூட்டை எடுத்துப்போன பிற்பகல்களில், கை சும்மா இருக்கும் நேரம் பார்த்துப் போனார். முதலில் கால்பந்து பேசினார்கள். சில சந்திப்புகளுக்குப் பிறகு பையன் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். வங்கித் தவணைகள் மாதவாரியாக எழுதியிருந்தன. 2002 ஜனவரியில் எஸ்குடோ போய் யூரோ வந்ததால் பழைய தொகைகளை எல்லாம் அவனே புதிய நாணயத்துக்கு மாற்றி எழுதியிருந்தான். கணக்குப் பாடத்தில் தவறிய பையன்.

"பாக்கி எல்லாம் தீர்ந்தா அப்பா வந்துடுவார். கடனாலதான் சண்டை" என்றான்.

அவன் எதிர்ப்பின் பொருள் அப்போதுதான் தெரிந்தது. அவன் பணத்துக்காக மட்டும் உழைக்கவில்லை. பெற்றோரைச் சேர்த்துவைப்பதற்கு அவனிடம் இருந்த ஒரே வழி அந்தத் தையல். வேலையை விடச் சொல்வது அவன் காதில் அப்பாவை விட்டுவிடச் சொல்வதாக விழுந்தது. தண்டனை, உதவித்தொகை, அறிவுரை எதுவும் இதற்குப் பதில் ஆகாது.

மூன்றாவது முடிவு: உண்மையைச் சொல்வது

குழு அம்மாவிடமும், தொலைபேசி வழியே அப்பாவிடமும் ஒன்றே கேட்டது: பிரிவு முடிவானதென்றால் அதைப் பையனிடம் நீங்களே சொல்லுங்கள். இருவரும் தயங்கினார்கள். அம்மாவுக்கு ஊர் என்ன சொல்லுமோ என்ற கவலை, அப்பாவுக்கு மகன் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. வெளிநாடு போனவர்கள் எல்லாம் ஊர் திரும்பும் ஆகஸ்ட் வரை அது இழுத்தது. 2002 ஆகஸ்டில் மூவரும் ஓர் அறையில் உட்கார்ந்தார்கள். அப்பா, "வீட்டுக்குத் திரும்ப வரமாட்டேன். அது கடனால இல்ல. உன்னாலயும் இல்ல" என்றார்.

பையன் எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் பாட்டி வீட்டில் இருந்தான். எங்கே போனான் என்று முதல் இரவு முழுக்க யாருக்கும் தெரியாது. செப்டம்பரில் சமூகப் பணியாளரிடம் தன் எதிர்ப்பை விலக்கிக்கொள்வதாகச் சொன்னான்.

உண்மையைச் சொன்னது சரி. அதைச் சொன்ன மாலையில் அவன் பக்கத்தில் யார் இருப்பார் என்று யாருமே முன்கூட்டி யோசிக்காதது பெரிய குறை.

பணம்

அந்த வீட்டுக்குப் பையனின் உழைப்பு எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவு வேறு வழியில் வராமல் எதுவும் நிற்காது என்பதைக் குழு இம்முறை தெளிவாக எடுத்துக்கொண்டது. மூன்று வழி. 1997 முதல் நாடு முழுவதும் இருந்த குறைந்தபட்ச வருமான உறுதித் திட்டத்தில் அம்மாவைச் சேர்த்தார்கள். இதில் உதவித்தொகையோடு குடும்பம் ஓர் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டியிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் அதில் அடங்கியது. வங்கியுடன் பேசித் தவணைக் காலத்தை நீட்டினார்கள். நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் நிர்ணயமானது.

அப்பா சில மாதம் கொடுத்துவிட்டு நிறுத்தினார். ஸ்பெயினில் இருப்பவரிடம் வசூலிப்பது எளிதாக இல்லை. இதற்கென்றே 1998இல் போர்ச்சுகல் ஓர் உத்தரவாத நிதியை உருவாக்கியிருந்தது: கொடுக்க வேண்டியவர் கொடுக்காதபோது நீதிமன்ற உத்தரவின் பேரில் அரசே பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் வசூலிக்க முயலும். அந்தப் பணம் 2003இல் வரத் தொடங்கியது. ஒரு தகப்பனின் பொறுப்பின்மை பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தோளில் இறங்காமல் தடுக்கும் சட்டம் இது. இந்த நிகழ்வில் நான் படித்தவற்றில் என்னை அதிகம் ஈர்த்தது இதுதான்.

2003 தொடக்கத்தில் தெற்கே காஸ்தெலோ த பைவாவில் ஒரு பெரிய வெளிநாட்டு ஷூ தொழிற்சாலை மூடப்பட்டது. வட்டாரத்தில் வேலை மெலியத் தொடங்கிய காலம் அது. தையலை இனி நம்ப முடியாது என்று அம்மா முதியோருக்கு வீட்டு உதவி செய்யும் ஒரு நிறுவனத்தில், பதிவான சம்பளத்தில், சேர்ந்தார்.

பள்ளிக்குத் திரும்பியது, மறுபடி நின்றது

2002 செப்டம்பரில் பையன் பழைய பள்ளிக்கே போனான், அதே ஆறாம் வகுப்புக்கு. 14 வயதுப் பையன், பதினொரு வயதுப் பிள்ளைகளோடு. கிறிஸ்துமஸ் வரை தாக்குப்பிடித்தான். அப்புறம் வராத நாள்கள் மறுபடி தொடங்கின. இந்த முறை மாமாவோடு கட்டட வேலை. "அங்க நான் பெரியவன். இங்க முட்டாள்" என்று சமூகப் பணியாளரிடம் சொன்னான். இதைச் சோம்பல் என்று எழுதிய ஒரு பள்ளி அறிக்கையும் கோப்பில் இருக்கிறது. எனக்கு அதைப் படிக்க வருத்தமாக இருந்தது.

குழந்தை உழைப்பு ஒழிப்புத் தேசியத் திட்டத்தின் நடமாடும் குழு ஒன்றின் வழியாக, 2003 இலையுதிர்காலத்தில், 15 வயதானபின், ஒருங்கிணைந்த கல்வி, பயிற்சித் திட்டத்தின் ஒரு வகுப்பில் அவனைச் சேர்த்தார்கள். வேலைக்குப் போன, பள்ளியை விட்ட பிள்ளைகளுக்காக 1999இல் தொடங்கிய ஏற்பாடு அது. சிறிய குழு. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாடத்திட்டம், ஆண்டு நடுவிலும் சேரலாம், கூடவே தொழில் பயிற்சி. பிள்ளை வராவிட்டால் அன்றே வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டவென்று ஒரு பணியாளரும் உண்டு. முதல் மாதத்தில் அந்தப் பணியாளர் அவன் வீட்டுக்குப் பலமுறை போக வேண்டியிருந்தது. பிறகு குறைந்தது.

விளைவு

2004 கோடையில் ஆறாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கினான். அதற்குள் 16 நிறைந்துவிட்டது, ஆனாலும் படிப்பை விட்டு வேலைக்குப் போகாமல் தொடர்ந்தான். 2006இல் ஒன்பதாம் வகுப்பு முடித்து, வண்டிகளின் மின்வேலை பார்க்கும் ஒரு கடையில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தோடு பயிற்சிக்குச் சேர்ந்தான். தங்கை எந்த வகுப்பிலும் தவறவில்லை.

பெற்றோர் விவாகரத்து செய்துகொண்டார்கள். அப்பா ஆகஸ்ட் மாதங்களில் பிள்ளைகளைப் பார்த்தார். மகனுக்கும் அவருக்கும் பேச்சு குறைவாகவே இருந்தது. வீட்டின் மேல்தளம் 2006இலும் பூசப்படவில்லை, ஆனால் வீடு கைவிட்டுப் போகவில்லை.

மறுபடி செய்தால் எது மாற வேண்டும்

பள்ளி கடிதம் எழுதிக் காத்திருந்த மாதங்களைச் சுருக்க வேண்டும். வராத நாள்களின் தாளைக் கையில் வைத்திருந்த ஆசிரியை அக்டோபரிலேயே நேரடியாகக் குழுவிடம் போகும்படி இருந்திருந்தால், பையன் பசைப் பட்டறைக்கே போயிருக்க மாட்டான்.

ஆய்வும் உதவியும் ஒரே வாரத்தில் நடக்க வேண்டும். வருமான உறுதித் திட்டத்துக்கான விண்ணப்பம் ஆய்வுக்கு முன்பே தயாராக இருந்திருந்தால், மூட்டை நின்ற மாதத்தை அந்தக் குடும்பம் தங்கையை உட்கார வைக்காமல் கடந்திருக்கும்.

பிரிந்த வீடு என்று தெரிந்ததும், பிள்ளைக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும். இங்கே அந்தக் கேள்வி ஏப்ரலுக்குப் பின்தான் எழுந்தது. பதினான்கு வயதுப் பிள்ளையைப் பழைய வகுப்பிலேயே உட்கார வைப்பதையும் தவிர்க்க வேண்டும். அவனுக்கு ஏற்ற வகுப்பு நாட்டில் இருந்தது; அங்கே போய்ச் சேர ஓராண்டு வீணானது.

எல்லாவற்றையும்விடப் பெரியது, இடைத்தரகரை யாரும் தொடவே இல்லை என்பது. அபராதம் பட்டறைக்காரரோடு நின்றது. வேன் யாருடையது, மூட்டை எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது, ஷூ எந்தக் கடைக்குப் போனது என்ற கேள்விகள் கோப்பில் இல்லை. விடை கிடைக்காத கேள்விகளும் அல்ல. கூலியில் ஏமாறாமல் இருக்க அம்மா தன் பங்குக்கு ஒரு சின்ன நோட்டில் ஜோடிக் கணக்கு எழுதிவைத்திருந்தார். அதை 2002 கூட்டத்திலேயே காட்டவும் செய்தார். ஒரு பெண் இரவு பகலாகத் தைத்தாலும் முடிக்க முடியாத எண்ணிக்கை அதில் வாரத்துக்கு வாரம் இருந்தது. இடைத்தரகரின் ஏட்டிலும் அதே எண்ணிக்கை இருந்திருக்கும். தொழிற்சாலையின் கணக்கிலும் அது எங்கோ பதிவாகியிருக்கும். வீட்டு வேலைக்கு மூட்டை கொடுக்கும் எந்தத் தொழிற்சாலையும் யார் வீட்டுக்கு எத்தனை ஜோடி போனது என்று எழுதிவைக்கவும், ஆய்வாளர் கேட்டால் காட்டவும் கட்டாயப்படுத்தினால், பிள்ளை உழைக்கும் வீட்டைக் கண்டுபிடிக்க யாருடைய சமையலறைக்குள்ளும் நுழைய வேண்டியிருக்காது.